கை நனைக்காமல்

சங்குச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை, கேட்டீங்களா, காதுதான் முதலில் முழித்தது. கூ என்று இழுத்துக்கொண்டே, கொஞ்சமும் தணியாமல், தூரத்திலிருந்து பக்கத்தில் வருகிறது. ஐயையோ, ஷிஃப்டுக்கு நேரமாச்சே என்று கண்ணை மூடிக்கொண்டே மில்லுக்குக் கட்டுகிற சேலையைத் துழாவுகிறேன். சேலை கிடக்கிற கொடியைக் காணோம். கொடி கட்டியிருக்கிற சுவரையே காணோம். அப்புறம்தான் புத்திக்கு வருகிறது, நான் ராஜபாளையத்தில் இல்லை, கடல் தாண்டி ஜாவாவில், சோலோ என்கிற ஊரில், தம்பி வீட்டுக் கட்டிலில் கிடக்கிறேன் என்று.

மில் சங்கு தெருத்தெருவாக நகர்ந்து வருமா? அதைக்கூட யோசிக்கவில்லை பாருங்க. ஜன்னலைத் திறந்தால் பொழுது சாய்கிற நேரம். ஒருத்தன் வண்டி தள்ளிக்கொண்டு போகிறான். வண்டியில் ஒரு தகரப் பெட்டி. அதிலிருந்து ஆவி ஒரு ஓட்டை வழியாக வெளியே வரும்போது போடுகிற கூப்பாடு அது. மூங்கில் துண்டுக்குள் அரிசி மாவை அடைத்து, நடுவில் வெல்லத்தை வைத்து அவிக்கிறான். நம்ம குழாய்ப்புட்டுதான், கொஞ்சம் சின்னது. அந்த ஊரில் யாவாரி வாயால் கூவ மாட்டானாம். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு சத்தம். ஒருத்தன் சட்டியைத் தட்டுவான், ஒருத்தன் கிண்ணத்தைத் தட்டுவான். தட்டுகிற தினுசை வைத்தே தெருவில் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்வார்களாம். தம்பி சொன்னான்.

நீங்க எந்த ஊரும்மா? ஸ்ரீவில்லிபுத்தூரா? அப்ப நமக்கு முன்னாடியே இறங்கிருவீங்க. மதுரைக்கே இன்னும் நேரம் கிடக்கு. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி இந்த பஸ்ஸில் ஏறினதிலிருந்து யாரிடமாவது சொல்லணும்போல இருக்கிறது. வீட்டில் போய் இதைச் சொல்ல முடியாது. நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆள். நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

என் மகள் வினோதினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். எனக்கு ஒரே தம்பி, குருவையா. தாய்மாமன் வந்து நிற்காமல் கல்யாணம் நடக்குமா? பட்டம் கட்டுகிறது யார், மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது யார்? போனில் கூப்பிட்டால் போதாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அது எப்படிப் போதும்? தாய்மாமனைத் தட்டு வைத்து, நேரில் போய், வாசல் ஏறித்தான் அழைக்கணும். அதனால் பாஸ்போர்ட் எடுத்து, கோலாலம்பூரில் விமானம் மாறி, பாஷை தெரியாத ஊரில் போய் இறங்கினேன். அவ்வளவு தூரம் கொண்டுபோன தட்டை அப்படியே திருப்பிக்கொண்டு வருகிறேன்.

குருவையாவை வளர்த்தது நான். அம்மா போனபோது அவன் நடக்க ஆரம்பித்திருந்தான், அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தேன், இன்னும் பார்க்கிறேன். ராத்திரி பூராவும் அறுந்த இழையை ஒட்டிவிட்டு வந்து, காலையில் அவனுக்குச் சோறு கட்டி அனுப்புவேன். ஐடிஐ படிக்க வைத்தேன். நம்ம மில்லிலேயே ஃபிட்டரானான். சோலோவில் ஒரு நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனான். போன இடத்தில் அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றைக் கட்டிக்கொண்டான். மார்க்கத்தையும் மாற்றிக்கொண்டான், பேரையும் மாற்றிக்கொண்டான். அங்கே அவன் யூசுப். நான் அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டேனா? இல்லை. கொஞ்ச காலம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்கு சுமியாத்தியோ என்னவோ பேர். வாயில் நுழைகிற மாதிரியா இருக்கு? சுமதி என்று கூப்பிட்டுக்கொண்டோம். அவளும் சரி என்று திரும்பிப் பார்ப்பாள்.

ஒரே ஒரு தடவை அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் ஒரு குறை வைக்கவில்லை, சத்தியமாக. அவளுக்கென்று பாத்திரக்கடையில் புதுத் தட்டு, புது டம்ளர் வாங்கினேன். எங்க வீட்டில் நாங்களே புதுத் தட்டில் சாப்பிட்டது கிடையாது. முன்வீட்டில் நாலு பேர் வந்து போவார்கள், பாஷை தெரியாத பிள்ளைக்குக் கூச்சமாக இருக்குமே என்று பின்கட்டில் காற்றோட்டமாகப் பாய் போட்டுக் கொடுத்தேன். என்னத்தச் சாப்பிடுவாளோ, என்னத்தச் சாப்பிட்டுப் பழகினவளோ, நமக்கென்ன தெரியும்? போட்டதையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, தட்டையும் அவளே கழுவி வைப்பாள். ஊருக்குப் போன பிறகும் அந்தத் தட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பரண் மேல் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். இதைவிட ஒரு மதினி என்ன செய்வாள்?

ஆனால் அதற்கப்புறம் அவன் ஊருக்கு வரவேயில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போகும்போதே தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம் எல்லாம் எடுத்துப் போனேன். அங்கே ஏர்போர்ட்டில் ஒருத்தன் கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டான். மிஞ்சினது பித்தளைத் தட்டும், தம்பிக்கு எடுத்த வேட்டி சட்டையும், பத்திரிகையும். வெறும் தட்டை எப்படி நீட்டுகிறது? மறுநாள் பார்த்தால் அந்தப் பிள்ளை விடியக்காலம் சந்தைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். அவர்கள் கல்யாணத்துக்கும் வெற்றிலை உண்டாம். கழுவித் துடைத்து, காம்பு ஒரே பக்கமாக இருக்கும்படி அடுக்கி வைத்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தம்பியிடம் சொன்னேன். இங்க பாரு குருவையா, நீ மட்டும் வா. அவளுக்கு உடம்புக்கு முடியலன்னு சொல்லிக்கிடலாம். சம்பந்தக்காரங்க நாலு விதமா நினைப்பாங்க, பெண்ணைப் பெத்தவ நான், எனக்குத்தான அந்தக் கஷ்டம் தெரியும். இப்படித்தான் சொன்னேன், தன்மையாகத்தான் சொன்னேன். சம்பந்தக்காரர்கள் ஏதாவது கேட்டார்களா என்றான். அவர்கள் கேட்கவில்லை, கேட்கிற ஆட்களும் இல்லை, நம்மதான் நாலையும் யோசிக்கணும் என்றேன். வினோ என்ன சொன்னாள் என்றான். அது சின்னப் பிள்ளை, அத்தையும் வந்தா நல்லாயிருக்கும்னுதான் சொல்லும், அதுக்கு என்ன தெரியும் என்றேன்.

தட்டை எடுத்து நீட்டினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"தட்டை ஜோடியா நின்னுதான் வாங்கணும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான், அக்கா."

எனக்கு வந்ததே ஆத்திரம். நானும் சொல்லிவிட்டேன். அப்படின்னா நீ தனியா வர்றேன்னு சொல்ற வரைக்கும் உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன், பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று. நம்ம பக்கத்து வழக்கம்தானே? கேட்டது நடக்காத வீட்டில் யார் கை நனைப்பார்கள்?

அதற்காக அடியோடு பட்டினி கிடந்தேன் என்று நினைக்காதீங்க. முறுக்கு, அவல், சத்துமாவு, தண்ணீர்ப் புட்டி எல்லாம் பையில் வைத்திருந்தேன். தம்பி, அவன் வேலை பார்த்த மில்லை மூடிவிட்ட பிறகு, ராத்திரிச் சந்தையில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறான். புருஷனும் பெண்டாட்டியும் மத்தியானமே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு வைத்தது வைத்தபடி இருக்கும். நமக்குத்தான் ராத்திரியில் தூக்கம் கிடையாதே. எல்லாரும் தூங்கின பிறகு, கோழி கூப்பிடுகிறதுக்கு முன்னால், இருட்டில் உட்கார்ந்து முறுக்கை எச்சிலில் ஊற வைத்து ஊற வைத்துச் சத்தமில்லாமல் தின்பேன். எவ்வளவு பதமாகக் கடித்தாலும் முறுக்கு காட்டிக்கொடுக்கத்தான் செய்யும். பகலெல்லாம் படுத்துக் கிடப்பேன். யாரும் வற்புறுத்தவில்லை. அந்தப் பிள்ளை ஒரு தடவைகூடச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அது எனக்கு உறுத்தலாக இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். அவளும் பகலில் சாப்பிடவில்லை. தம்பிக்குப் போட்டு வைப்பாள், அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். உதடு வறண்டிருக்கும், வேலை மட்டும் நடந்துகொண்டே இருக்கும். எனக்குப் புரிந்துபோனது. எதிர்ப்பட்டினி கிடக்கிறாள். நீ பெரியவளா நான் பெரியவளா பார்ப்போம் என்கிறாள். பாருங்க, வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துகொண்டு என்ன அழுத்தம்.

கிளம்புகிறதுக்கு முந்தின சாயங்காலம், வா, கடையையாவது வந்து பாரு என்று தம்பி கூட்டிப் போனான். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். இத்தனை தூரம் வந்துவிட்டு அவன் பிழைப்பு என்னவென்று பார்க்காமல் போனால் செத்த அம்மா கேட்பாளே என்று போனேன்.

அந்தத் தெரு பகலில் கார், மோட்டார் சைக்கிள் போகிற சாதாரணத் தெருதான். பொழுது சாயச் சாய ஆளுக்கொரு வண்டியாகத் தள்ளிக்கொண்டு வந்து, கம்பை நட்டு, தார்ப்பாயைக் கட்டி, கண் மூடித் திறக்கிறதுக்குள் ஒரு ஊரையே எழுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஒரு துணியைத் தொங்க விடுவார்கள். அதில் கெளுத்தி மீன், சேவல், வாத்து எல்லாம் சினிமாக் கட்டவுட் மாதிரி பச்சையும் மஞ்சளுமாக எழுதியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் துணிக்குக் கீழே சாப்பிடுகிறவர்கள் முழங்காலும் பாதமும் மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. உள்ளே பாய். செருப்பை வெளியே விட்டுவிட்டு எல்லாரும் சமமாகக் கீழே உட்கார்ந்து, கையால்தான் சாப்பிடுகிறார்கள். கறி சுடுகிற புகை ஒரு பக்கம், தோசைக்கல் அகலத்துக்கு வெண்ணெய் மிதக்கிற அப்பம் ஒரு பக்கம். சோயாப் பயறைப் பூசணம் பிடிக்க வைத்து, அதை வில்லை வில்லையாகப் பொரிக்கிறார்கள். துளசி மாதிரியே ஒரு இலை, அதை மீனுக்குத் தொட்டுக்கொண்டு பச்சையாகத் தின்கிறார்கள். துளசியைப் போய் மீனோடு.

தம்பி கடையில் கெளுத்திதான். தலை, மீசையோடு முழுசாகப் பொரித்து, பச்சை முட்டைக்கோஸ், அந்த இலை, சம்பல் என்று ஒரு மிளகாய்த் துவையல். சம்பலை அந்தப் பிள்ளை முன்கூட்டி அரைத்து வைப்பதில்லை. ஆள் வந்து கேட்ட பிறகுதான், தட்டையான கல்லில், வளைந்த குழவியை வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தருக்கும் எத்தனை மிளகாய் என்று கேட்டு அரைப்பாள். ஃபிட்டராக மெஷினைப் பிரித்துப் பூட்டினவன் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று மீன் திருப்பிக்கொண்டிருக்கிறான். பக்கத்துக் கடைக்காரனிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறான். அப்படி வாய் விட்டு அவன் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது. பிழைக்கப் போன இடத்தில் என்ன சிரிப்பு?

என்னை மூலையில் பாயில் உட்கார வைத்தான். உடனே ஒருத்தர் சின்ன கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று பாட ஆரம்பித்தார். போதும் சாமி என்று கும்பிட்டேன். அந்த ஊரில் கும்பிட்டால் மரியாதையாம். மனுஷன் உருகிப்போய் இரண்டாவது பாட்டையும் எடுத்துவிட்டார். பாயில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுற்றி அத்தனை பேர் சாப்பிட, இலவசப் பாட்டும் கேட்டுக்கொண்டு வெறும் வாயோடு நான்.

அப்போதுதான் தம்பி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மீன் கழுவின ஈரம் கையில் இருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அப்புறம் கேட்டான்.

"அவ ஏன் சாப்பிடாம இருக்கான்னு தெரியுமா, அக்கா?"

"தெரியாமலா? எனக்குப் போட்டியாக் கெடக்கா."

"வினோவுக்காகக் கெடக்கா."

எனக்குப் புரியவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். அந்த ஊரில் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் பெற்ற தாய் நோன்பு இருப்பாளாம். பிள்ளை நல்லபடியாக வாழணும் என்று, விடிகிறதுக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்கிறவரைக்கும் தண்ணீர்கூட இல்லாமல். பகலில் நான் ஒன்றும் தொடாததைப் பார்த்திருக்கிறாள். விடியக்காலம் நான் முறுக்குக் கடிக்கிற சத்தத்தையும் கேட்டிருக்கிறாள். அக்கா தன் மகளுக்காக நோன்பு இருக்கிறாள், அவர்கள் நோன்புக்குச் சாப்பாடு வேறு, அதனால்தான் நம் சாப்பாட்டைத் தொடவில்லை, கூப்பிட்டு அவளைச் சோதிக்கக் கூடாது என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள். பெற்றவள் ஒருத்தியே ஏன் கிடக்கணும், நானும் அத்தைதானே என்று அவளும் இருந்திருக்கிறாள்.

"நீ சொல்லலையா?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? உன்னைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு எங்க அக்கா பட்டினி கெடக்கான்னா? எனக்கு வாய் வரல. வேணும்னா நீ சொல்லிக்க."

சொல்லிவிட்டு எழுந்து சட்டிக்குப் போய்விட்டான். நியாயமா இது? பாஷை தெரியாதவள் நான், எப்படிச் சொல்லுவேன்? வேண்டுமென்றே என்னை மாட்டிவிட்டான். சம்பந்தக்காரர்களிடம் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். சொந்தக் கடைக்காரனுக்கு என்ன லீவு என்று கேட்டால்? அதையும் யோசிக்கணும். வினோ கேட்டால் என்ன சொல்கிறது? அதுதான் இன்னும் பிடிபடவில்லை.

இருங்க, முடிக்கவில்லை. சொல்ல வந்ததே இனிமேல்தான்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சந்தையில் சத்தம் கொஞ்சம் தணிந்தது. அந்தப் பிள்ளை இரண்டு கண்ணாடிக் கிளாசைக் கொண்டுவந்தாள். அங்கே கிளாசுக்கும் மூடி உண்டு. என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒன்றை எனக்கு வைத்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, இரண்டு மூடியையும் எடுத்தாள். வெறும் வெந்நீர். அந்த ஊரில் டீ, சர்பத் எல்லாம் தித்திப்பாகத்தான் குடிப்பார்கள். எங்கள் நோன்புக்கு எது ஆகும் எது ஆகாது என்று தெரியாமல், எந்த நோன்புக்கும் தண்ணீர் ஆகும் என்று வெறும் தண்ணீரைச் சுட வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் குடிக்கவில்லை. நான் முதலில் குடிக்கணும் என்று காத்திருந்தாள்.

குடித்துவிட்டால் கை நனைத்த மாதிரி. அப்புறம் எந்த முகத்தோடு தனியாக வா என்று தம்பியைக் கேட்பேன்? குடிக்கவில்லை என்றால், பொழுது சாய்ந்தும் வாயில் தண்ணீர் ஊற்றாத நோன்பு எந்த ஊரில் இருக்கிறது? நான் இருந்தது நோன்பே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். தெரிந்தால் தெரியட்டுமே என்று ஒரு புத்தி சொல்லுகிறது. தெரியவே கூடாது என்று ஒரு புத்தி. தொண்டையோ காய்ந்து கிடக்கிறது.

ராத்திரியெல்லாம் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது அறுந்த இழையை நான் பார்க்கிறதுக்கு முன்னாலேயே என் கை போய் ஒட்டியிருக்கும். அந்தக் கைதான். மடியில் கிடந்தது, கிடந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.

"அக்கா," என்றாள். நம்ம பாஷையில் அவளுக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

நான் அந்த மீன் எழுதின துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் மீன் இடம் வலம் மாறித் திரும்பியிருந்தது. பாங்கு முடிந்தது. பக்கத்துப் பாய்களில் பேச்சு திரும்ப ஏறியது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபமில்லை. அவள் முகத்தில் என்னவோ ஒன்று மெதுவாக அடங்கிப்போனது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு விளங்கியிருக்கும் என்கிறீங்களா? விளங்கியிருக்காது இல்லையா? பாஷை தெரியாத பிள்ளை.

என் கிளாசுக்கு மூடியைப் போட்டாள். சூடு ஆறக் கூடாதே என்று போட்டிருப்பாள். கை எட்டுகிற மாதிரி என் முழங்காலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். தன் கிளாசை எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, குடித்தாள்.

துணிக்கு வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. ஒருத்தன் குனிந்து உள்ளே தலையை நீட்டி என்னவோ கேட்டான். தம்பி எண்ணெயில் மீனைப் போட்டான். அந்தப் பிள்ளை கிளாசை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானை மாதிரி போட்டிருந்த துணியில் கண்ணையோ மூக்கையோ துடைத்துக்கொண்டு, எத்தனை மிளகாய் என்று அவனிடம் விரலைக் காட்டிக் கேட்டாள். கல்லை இழுத்து வைத்து, மிளகாயைப் போட்டு, பூண்டைப் போட்டு, அரைக்க ஆரம்பித்தாள்.